ஒரே மொழி நானும் நாலு மொழித் தம்பியும்

யாங்கூன் அனவ்ரதா சாலையில், காளி கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால் எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும், நிரல் எழுத ஒரே மொழி போதுமா, பல மொழி வேண்டுமா என்ற சண்டை வராமல் இருக்காது. நான் பன்னிரண்டு வருஷமாக பிஎச்பி என்ற நிரல்மொழியில் மட்டும் எழுதுகிறவன். மருந்துக்கடை, மளிகைக்கடைகளுக்கு பில்லும் ஸ்டாக்கும் பார்க்கும் மென்பொருள். அவன் பைதான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ஸ்விஃப்ட் என்று நாலிலும் கைவைத்தவன்.

"ஒண்ணையே கட்டிக்கிட்டு எத்தனை நாள் அண்ணே?" என்பான். "நீ ஒண்ணையாவது முடிச்சியாடா?" என்பேன்.

யார் பக்கம் நியாயம் என்பதை ஒரு மருந்துக்கடையின் பாக்கிப் பட்டியல்தான் ஓரளவு காட்டியது. பர்மிய எழுத்துக்கு இங்கே வெகுகாலம் ஸோஜி என்ற முறைதான் புழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய எண்களையே அது தன் இஷ்டத்துக்கு வேறு மாதிரி பயன்படுத்தியது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஆனால் கடைகளின் பழைய தரவு மாறவில்லை. திரையில் வாடிக்கையாளர் பெயர் கண்ணெதிரே நிற்கும். தேடினால் 'இல்லை' என்று வரும். ஒரே ஆளுக்கு ஸோஜியில் ஒன்று, யூனிகோடில் ஒன்று என்று இரண்டு கணக்கு, இரண்டு பாக்கி.

காரணம் தமிழ்க்காரனுக்கு எளிதில் புரியும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிகிறது; யூனிகோடில் சேமிக்கும்போதோ க முதலில், கொம்பு பிறகு. பர்மியத்திலும் அப்படி ஒரு குறி உண்டு. ஸோஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால் வைத்தது. நம் பழைய டிஸ்கி எழுத்துருக்கள் செய்ததும் இதுதான். எனக்கு அது தெரியாது. இரண்டு நாள் எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி வந்தான். 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டி அதன் நீளத்தைத் தன் நாலு மொழியிலும் கேட்டான். பைதான் 5 என்றது, ஜாவாஸ்கிரிப்டும் 5. கோ 15 என்றது. ஸ்விஃப்ட் 3. முதலிரண்டும் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணின. கோ, கணினி நினைவக அலகான பைட்டுகளை எண்ணியது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஸ்விஃப்ட் மட்டும் நம் வீட்டுப் பாட்டி எண்ணுவது போல த, மி, ழ் என்று எண்ணியது. 'எழுத்து' என்றால் என்ன என்று ஒவ்வொரு மொழியும் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ஒன்றிலேயே கிடந்தால் அது முடிவு என்பதே தெரியாது. பல மொழிக்காரர்களுக்கு அன்று நான் கொடுத்த மதிப்பெண் பெரிது.

சரி, அன்றிரவே பிஎச்பி கையேட்டைப் புரட்டினேன். நீளம் அளக்க அதில் மூன்று கட்டளைகள்: ஸ்டிர்லென் 15 தருகிறது, எம்பி ஸ்டிர்லென் 5, கிராஃபீம் ஸ்டிர்லென் 3. மூன்று விடையும் என் வீட்டிலேயே இருந்திருக்கின்றன! பன்னிரண்டு வருஷம் புழங்கியதை ஆழம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கடையை மூடாமல், பாக்கித் தொகை ஒன்றுகூடப் பிசகாமல் அந்தப் பட்டியலை மாற்றும் வேலை தம்பியால் ஆகவில்லை. எந்த அட்டவணை எதைச் சார்ந்தது, நடுவில் கரண்ட் போனால் எங்கிருந்து தொடர்வது என்பதெல்லாம் என் கையில்தான் இருந்தது. ஒரு வரி ஸோஜியா யூனிகோடா என்று நிகழ்தகவாகச் சொல்லும் ஆயத்த நிரல் தொகுப்பை கூகுள் வெளியிட்டிருக்கிறது. அதை வைத்துப் பிரித்தேன். குட்டிக் குட்டிப் பெயர்களைக் கண்ணால் பார்த்தே சரிசெய்தேன்.

செலவுக் கணக்கு சுலபம். மின்வெட்டுள்ள ஊரில் நாலு மொழிக்கு நாலு கருவி இறக்குவது லேசில்லை. செல்போன் செயலி எழுதும் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ மட்டுமே ஒரு ஜிபியைத் தாண்டும். அதில் என் பக்கம்தான் ஜெயிக்கும்.

வேலைக் கணக்கு அப்படியில்லை. இங்கே பல பிள்ளைகளுக்கு ஜப்பான்தான் கனவு. அங்கே அடிப்படைத் தகவல்தொழில்நுட்பத் தேர்வில் 2020இல் கோபால் என்ற பழைய நிரல்மொழியை எடுத்துவிட்டு பைதானைச் சேர்த்தார்கள். 2023இல் சி, ஜாவா, பைதான் எல்லாவற்றையும் நீக்கி, எந்த மொழியும் அல்லாத போலிமொழியில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இதைச் சொன்னால் தம்பியும் வாயை மூடுகிறான், நானும்.

"வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் பேசுகிற நமக்குப் பல மொழி சகஜம்தானே" என்று எங்கள் ஊரில் சிலர் இதற்கு உவமை சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. கம்ப்யூட்டருக்கு அரைகுறையாகப் பேசினால் அது சிரித்துக்கொண்டு புரிந்துகொள்ளாது.

புதிதாக வருகிறவர் கேட்டால் ஒன்று என்றுதான் சொல்வேன், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கடையின் கோளாறை யார் உதவியும் இல்லாமல் சரிசெய்கிற வரைக்கும். அப்புறம் இரண்டாவது, முதல் மொழியோடு சண்டை போடுகிற மொழியாக இருக்க வேண்டும். பிஎச்பிக்காரன் ஜாவாஸ்கிரிப்டுக்குப் போனால் பழைய பழக்கத்தை அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். கோ விடாது, எண் வேண்டிய இடத்தில் எழுத்து என்று வகை பொருந்தாவிட்டால் நிரலைத் தொகுக்கவே மறுக்கும். ஒரே நேரத்தில் நாலு? வேண்டாம்.

நான் இப்போது கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து கோ படிக்கிறேன். தம்பி என் பழைய பிஎச்பி நிரலைத் திறந்து வைத்திருக்கிறான். நேற்று ரசீது அச்சிடும் பகுதியில் நான் விட்டுவைத்த ஒரு ஸ்டிர்லென்னைக் கண்டுபிடித்துவிட்டான். அது தந்த பைட் கணக்கை வைத்து நீளமான பெயர்கள் எழுத்துக்கு நடுவில் வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு கட்டம் அச்சாகிக்கொண்டிருந்தது. டீக்காசு நான்தான் கொடுத்தேன்.