ஐபிஎம் 1401: ஓடியபோதும் ஓய்ந்த பிறகும்

காட்பாடியிலிருந்து ரயிலில் போய் வந்து சென்னை அலுவலகம் ஒன்றில் ஐபிஎம் 1401 என்ற இந்தக் கணினியோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். 1959இல் அறிமுகமான மாடல். எங்களிடம் எண்பதுகளின் தொடக்கம் வரை உழைத்தது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். சூடு அவற்றுக்கு ஆகாது. வேலூர் வெயிலில் வளர்ந்த நான் சித்திரை மாதத்திலும் குளிரூட்டிய அறையில் ஸ்வெட்டரோடு இரவுப்பணி பார்த்தேன். நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். அதற்குள் சம்பளப் பட்டியலை அடக்கி எழுதியவர்களுக்குத்தான் முழு மதிப்பெண்.

கணினியோடு இணைந்த 1403 அச்சு இயந்திரத்தைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நிமிடத்துக்கு 600 வரிகள், வரிக்கு 132 எழுத்துகள். எழுத்துகள் பதித்த சங்கிலி பக்கவாட்டில் ஓடுவதால் வரி மேலும் கீழும் ஆடாது. பிறகு வந்த, புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் அச்சுப்பொறிகளை நான் கடைசிவரை மதிக்கவில்லை.

1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனதும் பராமரிப்பை அரசு நிறுவனமான சிஎம்சி (கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்) ஏற்றது. எங்கள் வேலூர்ப் பக்கத்திலோ சிஎம்சி என்றால் மருத்துவமனை. 'சிஎம்சியிலிருந்து ஆள் வந்தார்' என்று ஊரில் சொன்னால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள்.

ஓய்வு கொடுத்த விதம்தான் மோசம். சர்க்யூட் அட்டைகளின் முனைகளில் தங்க முலாம் உண்டு. பழைய இரும்பு வாங்குபவர் அதற்காகவே அவற்றைப் பிடுங்கினார். சுற்று வரைபடங்கள் காகித எடைக்குப் போயின. எனக்கு அதுதான் பெரிய இழப்பு. கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் கூடி இரண்டு 1401களை மீண்டும் ஓட வைத்திருக்கிறார்கள். வரைபடமும் விவரம் தெரிந்தவர்களும் இல்லாமல் கணினியின் இரும்பு அலமாரியை மட்டும் காப்பாற்றினால் அது வெறும் அலமாரி.

என்னிடம் மிஞ்சியவை ஒரு காந்த வளைய நினைவகத் தகடும் தகவலைத் துளைகளாகப் பதிந்து கணினிக்குக் கொடுக்கும் துளை அட்டைகள் சில கட்டுகளும். தகடு தொந்தரவு தருவதில்லை. மின்சாரம் இல்லாமலே பதிவைத் தாங்கும் சாதி அது. அட்டைகள் அப்படியல்ல. ஐப்பசி ஈரத்தில் ஊதி வளையும். கோடையில் ரப்பர் பேண்ட் உருகி விளிம்பில் ஒட்டும். இப்போது பருத்தி நாடாவால் கட்டி, இரும்புத் தட்டில் நெருக்கி நிறுத்தி வைக்கிறேன். மளிகைப் பட்டியல் எழுத மருமகள் அட்டை கேட்டால் துளையில்லாததாகப் பார்த்துத் தருகிறேன்.