ஏழு வயதிலா, பன்னிரண்டிலா: இங்கிலாந்தின் ரக்பி மன்றத்தில் குழந்தையைச் சேர்ப்பது

இங்கிலாந்தின் ஊர் ரக்பி மன்றங்களில் குழந்தையைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கு இரண்டு வழிகள் உள்ளன: ஏழு வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே தொடங்குவது, அல்லது பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் நேரே நுழைவது.

முதல் வழியில், ரக்பியில் வழக்கமான, பந்தோடு ஓடும் ஆளைப் பிடித்து வீழ்த்துவது கிடையாது. பந்தோடு ஓடும் குழந்தையின் இடுப்புப் பட்டையில் ஒட்டியிருக்கும் துணிநாடாவைச் சரக்கென்று பிடுங்கி, 'டேக்!' என்று கத்தி, உயர்த்திக் காட்டிவிட்டு, உரியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அணிக்கு நான்கு பேர்தான் என்பதால், ஞாயிறு காலைச் சேற்றில் ஒவ்வொரு குழந்தையின் கைக்கும் பந்து வந்துகொண்டே இருக்கும். ஆண், பெண் குழந்தைகள் சேர்ந்தே ஆடுவார்கள். பிடித்து வீழ்த்துவது ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் தொடங்குகிறது. அதுவும் எழுவர் அணியில், படிப்படியாக.

பன்னிரண்டில் வருபவருக்கோ அணிக்குப் பன்னிரண்டு பேர், பெண்களுக்குத் தனி ஆட்டம், பல ஆண்டுகள் விழுந்தெழப் பழகிய எதிராளிகள். ஆனால், விளையாட்டைத் தானே விரும்பித் தேர்ந்தெடுத்த பிள்ளை அது. அந்த விருப்பத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன். ஆயினும், பாதுகாப்பாக விழும் முறையைச் சிற்றுடலிலேயே கற்பது நல்லது என்பதால், முடிந்தவர்கள் முதல் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.