மொரிஸ் மைனருக்கு ஸ்கூப்: வாய் முன்னுக்கா, பின்னுக்கா?

மச்சான் ஒருத்தன் அம்மப்பாவின் மொரிஸ் மைனரை, அந்தப் பழைய ஆங்கிலேயக் காரை, திருத்தி எடுத்துவிட்டான். 1098 சிசி எஞ்சின், பழைய ஸ்ரீ நம்பர் பிளேட், புதுப் பெயின்ட். இப்போது பொனட்டில் ஸ்கூப், அதாவது காற்று போகத் திறந்த வாயுள்ள மேடு, வேண்டுமாம். முன்னுக்கு வாய் திறந்ததா, கண்ணாடிப் பக்கம் வாய் வைத்ததா, பொனட்டை வெட்டாமல் குழாயா என்று மூன்று கிழமையாகச் சண்டை.

முன்வாய்க்காரர் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: காற்றை அள்ளித் திணிக்கும், பவர் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலங்கையில் ஊருக்கு வெளியே காருக்கு வேகக் கட்டுப்பாடு மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் முகத்தில் மோதும் காற்றின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 0.2 வீதம். மைனருக்கு இருப்பது 48 குதிரைவலு. கிடைப்பது ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்கு. மச்சான் பக்கத்து சீட்டில் ஏறினாலே அது போய்விடும்.

பிறகு மாரி. கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பு மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மைனரில் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர் இடது பக்கம், தீப்பொறி தரும் பிளக்கும் அதற்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலது பக்கம். நடுவில் வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? இதே வகை எஞ்சினைக் குறுக்கே வைத்த பழைய மினிக்காரர்களைக் கேளுங்கள். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் கிரிலைப் பார்த்தபடி இருக்கும்; மழைக்கு நின்றுபோன கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

ஆனால் ஸ்கூப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை பதுளை வீதியால் இறங்கி வந்து, செங்கலடிச் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். இருபது நிமிடம் கழித்துச் சாவி போட்டால் எஞ்சின் சுத்துது, பிடிக்குதில்லை. பெற்றோல் பைப்பைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. உள்ளே பெற்றோல் ஆவியாகிவிட்டது. சாரத்தை நனைத்துச் சுற்றி, அரை மணித்தியாலம் நின்றேன். காரணம் எஞ்சினின் அமைப்பு: காற்று போகும் வழியும் புகை வரும் வழியும் ஒரே பக்கம். அடுப்புக்கு மேலே பெற்றோல் சட்டியைத் தூக்கி வைத்த மாதிரி. ஓடும்போது ரேடியேற்றர் வழியாக வரும் காற்று சமாளிக்கும். நிறுத்தியதும் சூடு முழுக்கப் பொனட்டுக்குள் அடைபடும். ஆக நம்முடைய வீதிகளுக்கு ஸ்கூப் வேண்டுமென்றால் அது ஓடும் காருக்கு அல்ல, நிற்கும் காருக்கு.

அங்கேதான் பின்வாய் வெல்கிறது. நிறுத்தினால் சூடு மேலே ஏறி அதன் வழியாக வெளியேறும். ஓடினால், முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடும் இடம் அதுதான் என்பதால், குளிர்ந்த காற்று உள்ளே வரும். 1969 கமாரோ காரில் அமெரிக்காவின் ஷெவர்லே செய்ததும் இதைத்தான். மழை நேரே அடிக்காது. பொனட்டின் பின்பக்கம் வாசர் வைத்துத் தூக்கினால் போதாதா என்று கேட்பார்கள். நிற்கும்போது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பார்க்கவும் பூட்டாத பொனட் மாதிரி இருக்கும்.

எதில் செய்வது? இணையத்தில் வாங்கும் ஸ்கூப்பின் அடி தட்டை. மைனரின் பொனட்டோ கவிழ்த்த பானை முதுகு. நான்கு மூலையிலும் விரல் போகும். வாழைச்சேனைப் பக்கம் பைபர் படகு செய்யும் கைகளுக்கு இது பெரிய வேலையில்லை. பொனட்டின் மேலேயே மெழுகு பூசி, கண்ணாடி இழைப் பாயும் ரெசின் பசையும் விரித்து எடுத்தால் வளைவு அப்படியே வரும். ஆனால் தகரமும் பைபரும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. பட்டி வைத்து ஒட்டி மறைத்தால், பெயின்டில் மயிர்க்கோடு விழும். இடையில் ரப்பர் வார் வைத்து போல்ட்டில் பூட்டுங்கள். தகரத்தில் வெல்டிங் வேண்டுமென்றால் பொறுமையான டிங்கர் பாஸ், அதாவது தகர வேலைக்காரர், வேண்டும். ஒரே இடத்தில் நெருப்பைப் பிடித்தால் பொனட் அலையடிக்கும். வெட்டிய விளிம்பில் துருத் தடுப்புப் பூசாமல் விட்டால் கல்லடி உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டு ஸ்கூப், ஓட்டையே இல்லாதது, அலங்காரம். அதைப் பற்றி வேறு பேச்சில்லை.

குழாய்க்கு அழகு கிடையாது. கணக்கு அதன் பக்கம். வெளியே 32 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை என்றால், எஞ்சின் இழுக்கும் காற்று 8 வீதம் மெலிந்தது. ரேடியேற்றருக்குப் பக்கத்திலிருந்து மூன்றங்குலக் குழாயைக் காற்று வடிகட்டும் பில்டருக்குக் கொண்டுபோய், காபரேட்டருக்கும் புகைக் குழாய்க்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு வைத்தால், முன்வாய் ஸ்கூப் தருவதைவிடப் பல மடங்கு கிடைக்கும். செலவும் ஸ்கூப்பின் பெயின்ட் காசுக்குள் முடியும்.

நான் மச்சானிடம் சொன்னது: முதலில் தகடும் குழாயும். அதற்குப் பிறகும் செங்கலடியில் நின்றால் பின்வாய் ஸ்கூப், அதுவும் கழிவுக் காரில் எடுத்த வேறொரு பொனட்டில். அம்மப்பாவின் பொனட்டைப் பழைய சாரத்தில் சுற்றிப் பரணில் போடு, வெட்டினால் வெட்டினதுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "சரி மச்சான், ஆனா முன்னுக்கு வாய் இருந்தாத்தான் வடிவு."