யூனிட்டியில் கிளிக் செய்தால் மறையும் பொருள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தக்கலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து, பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடந்து பார்க்கும் விளையாட்டு ஒன்றை யூனிட்டியில் (விளையாட்டுகள் செய்யும் மென்பொருள்) செய்து வருகிறோம். பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், இருக்கும் விளக்கைத் தொட்டால் சுடர் அணையணும், மறுபடி தொட்டால் எரியணும். சாரோட்டு அரண்மனைக்கான சுரங்கப்பாதையின் வாசல் ஒரு கிளிக்கில் திறக்கணும். கேட்க எளிது. பிள்ளைகள் கொண்டுவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான்.

“அண்ணே, வெளக்கு போச்சு, பெறகு வரவே மாட்டேங்கு.”

மறைய வேண்டிய பொருளின் மேலேயே ஸ்கிரிப்டை (கிளிக் வந்தால் என்ன செய்யணும் என்ற நிரலை) மாட்டியிருப்பார்கள். செட்ஆக்டிவ் என்ற கட்டளை மூலம் பொருளை அணைத்தால் அதன் கொலைடரும் (கிளிக்கையும் மோதலையும் உணரும் எல்லை) சேர்ந்து போகும், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும் அப்டேட் ஓடாது, இடைவெளி விட்டு ஓடும் கோரூட்டீனும் நின்றுவிடும். அடுத்த கிளிக் எதன் மேல் விழும்? கொலைடரையும் ஸ்கிரிப்டையும் விளக்குத்தண்டுக்கு மாற்றி, சுடரை அதன் கீழே தனிப் பொருளாக வைத்தோம். சுடர்.செட்ஆக்டிவ்(!சுடர்.ஆக்டிவ்செல்ஃப்) என்ற ஒரே வரி போதும்: ஆக்டிவ்செல்ஃப் சுடரின் சொந்த நிலையைச் சொல்லும், ‘!’ அதைத் தலைகீழாக்கும். ‘எரிந்தால் அணை’, ‘அணைந்திருந்தால் ஏற்று’ என்று இரண்டு இஃப்களை அடுத்தடுத்து எழுதினால் முதலாவது அணைத்ததை இரண்டாவது அதே நொடியில் ஏற்றிவிடும். கிளிக்கே வேலை செய்யாதது போலத் தெரியும்.

சுரங்க வாசல் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் மறைய வேண்டியது சுவரேதான். ரெண்டரரை (பொருளை வரைந்து காட்டும் பகுதியை) மட்டும் அணைத்தால் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஆளைத் தடுக்கும். கொலைடரையும் அணைத்தால் திரும்ப மூட வழியில்லை. ஒரு வெற்றுப் பொருளில், சுவரைவிடச் சற்றுப் பெரிய டிரிக்கர் கொலைடரையும், கிளிக் விழும்போது ஓடிச் சுவரை அணைத்து ஏற்றும் ஆன்மவுஸ்டவுன் ஸ்கிரிப்டையும் வைத்தோம். டிரிக்கர் ஆளைத் தடுக்காது. இயல்பான அமைப்பில் கிளிக்கை மட்டும் வாங்கிக்கொள்ளும். இத்தனை காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான், ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

பெயரைச் சொல்லிப் பொருளைத் தேடும் கேம்ஆப்ஜெக்ட்.ஃபைண்டை நம்பாதீர்கள். அணைந்து கிடக்கும் பொருள் அதன் கண்ணில் படாது. பொருளின் அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டர் பலகத்தில், ஸ்கிரிப்டுக்கு வேண்டிய பொருளை முன்கூட்டியே இழுத்துப் போட்டு வைப்பதே நல்லது.

செல்போனில் சுமை குறைய, ஆள் இல்லாத நேரம் ஊட்டுப்புரை (அரண்மனையின் உணவுக் கூடம்) முழுவதையும் அணைத்து வைக்கிறோம். அப்போதும் உள்ளே இருக்கும் விளக்கின் ஆக்டிவ்செல்ஃப் ‘ஆம்’ என்றே சொல்லும். திரையில் இருக்கிறதா என்றறிய, மேலே உள்ள பொருள்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் ஆக்டிவ்இன்ஹைரார்க்கியைத்தான் கேட்க வேண்டும்.

மெனு பட்டனைத் தட்டினால் பின்னால் இருக்கும் விளக்கும் அணைகிறதா? ஆன்மவுஸ்டவுனுக்குத் திரைப் பட்டன் மறைப்பல்ல. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே சுட்டி திரைப் பட்டன் மேல் இருக்கிறதா என்று சொல்லும் ஈவென்ட்சிஸ்டத்தின் இஸ்பாயின்டர்ஓவர்கேம்ஆப்ஜெக்டைச் சோதித்து, பட்டன் மேல் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். செல்போனில் விரலின் எண்ணையும் அதற்குக் கொடுக்க வேண்டும்.