22,000 ரூபாய்ல ஒரு கேசட் கடை: சென்னை பாரிஸ் ஏரியா பத்தி என் ரிவ்யூ

போன மாசம் ஒரு ஆல்பம் சாங் வீடியோவுக்கு ஆர்ட் ஒர்க், அதாவது செட் போடுற வேலை பண்ணேன். புதன்கிழமை ராத்திரி 9 மணிக்கு போன் வருது, சனிக்கிழமை காலைல 6 மணிக்கு ஷூட், ஆர்ட்டுக்கு மொத்தமே 22,000 ரூபாய்தான், அதுலயே வண்டி வாடகை, ஹெல்பர் பேட்டா எல்லாம் அடங்கணும்னு சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு நாள்ல நான் அதிகமா நம்பினது சென்னை பாரிஸ், அதாவது பாரிமுனை பக்கம் இருக்கிற தெருக்களைத்தான். அதனால இது ஒரு தனிக்கடைக்கான ரிவ்யூ இல்ல, அந்த ஏரியாவுக்கே ஒரு ரிவ்யூன்னு வச்சுக்கோங்க. சின்ன பட்ஜெட்ல மியூசிக் வீடியோ பண்றவங்க நிறைய பேர் நேரா வடபழனி, சாலிகிராமம் பக்கம் போய் எல்லாத்தையும் வாடகைக்கு எடுத்துட்டு அங்கயே காசு தீர்ந்து போய் நிக்கிறாங்க, அவங்களுக்காகத்தான் இவ்ளோ விவரமா எழுதுறேன்.

முதல்ல செட் என்னன்னு சொல்லிடறேன். 1990 வாக்குல இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டர். இப்போ இருக்கிற பசங்களுக்கு தெரியாது, அப்பல்லாம் நமக்கு புடிச்ச பாட்டை ஒரு பேப்பர்ல லிஸ்ட் எழுதி, எம்ப்டி கேசட்டோட கடையில குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு போய் வாங்கிட்டு வருவோம், 60ன்னா ஒரு பக்கம் அரை மணி நேரம், 90ன்னா முக்கால் மணி நேரம், கடைசி பாட்டு பாதியில கட் ஆகிடுமோன்னு கடைக்காரர் கணக்கு போட்டுக்கிட்டே இருப்பார். பாட்டு எழுதின தம்பியோட அப்பா அப்படி ஒரு கடை வச்சிருந்தவர். அவர் இப்ப இல்ல. அந்தக் கடை எப்படி இருந்துச்சுன்னு ஒரே ஒரு போட்டோ, அதுவும் பாதி மங்கிப் போனது, அதை வாட்ஸ்அப்ல அனுப்பி "அண்ணே, அம்மா பார்த்தா இது நம்ம கடைன்னு சொல்லணும்"னு மெசேஜ் போட்டிருந்தான். இதுக்கு மேல என்ன பட்ஜெட் பேசுறது, ஒத்துக்கிட்டேன்.

லொகேஷன் ராயபுரத்துல ஒரு பழைய வீட்டோட முன்ரூம், 10க்கு 12 அடி இருக்கும். பிரச்சனை என்னன்னா ஓனர் போன தீபாவளிக்குத்தான் வெள்ளை அடிச்சிருக்கார், சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் பண்ணக் கூடாது. சின்ன ரூம்ல வெள்ளை சுவர் இருந்தா கேமராமேனுக்கு பெரிய தலைவலி, எங்க லைட் வச்சாலும் எல்லா பக்கமும் பவுன்ஸ் ஆகி ரூம் மொத்தமும் ஒரே சீரா வெளுத்துப் போயிடும், பழைய கடை ஃபீல் வரவே வராது.

வியாழக்கிழமை காலைல உயர் நீதிமன்றம் மெட்ரோல இறங்கி நடந்தே போனேன். வண்டியில போயிடாதீங்க, நிறுத்த இடம் கிடைக்காது. 10 மணிக்கு முன்னாடி போயும் பிரயோஜனம் இல்ல, பாதி ஷட்டர் மூடியே இருக்கும். முதல்ல குடோன் தெரு. அங்க துணி மொத்த வியாபாரம், நமக்கு வேண்டியது வெளுக்காத காடா துணி. 30 மீட்டர் கேட்டேன், கடைக்கார ஐயா என் கையில இருந்த பெயின்ட் கறையை பார்த்துட்டு "ஷூட்டிங்கா தம்பி? அடிச்சு கிழிக்கத்தானே போறீங்க, உள்ள செகண்ட்ஸ் இருக்கு, அதை எடுத்துக்கோங்க"ன்னு அவரே சொல்லி அங்கங்க நூல் இழுத்த ஒரு ரோலை எடுத்து போட்டார், விலை கிட்டத்தட்ட பாதிதான் ஆச்சு. மொத்த வியாபாரக் கடையில சில்லறையா வாங்க வந்தவனுக்கு இதை சொல்லணும்னு அவருக்கு ஒரு அவசியமும் கிடையாது. இந்த மாதிரி ஆளுங்களுக்காகவே அந்த ஏரியாவுக்கு முழு மார்க் குடுக்கலாம்.

காடா துணிய வச்சு சுவர் பண்றது எப்படின்னு கொஞ்சம் சொல்றேன், இது நிறைய இடத்துல உதவும். ரீப்பர் கட்டையில, அதாவது மெல்லிசான மரச்சட்டத்துல ஃப்ரேம் அடிச்சு, துணிய இழுத்து ஸ்டேப்ளர் கன் வச்சு அடிங்க, எவ்ளோ இழுத்தாலும் லேசா தொங்கத்தான் செய்யும், கவலைப்படாதீங்க. பாட்டில்ல தண்ணி ஊத்தி ஸ்ப்ரே பண்ணி விட்டா காயும்போது துணி சுருங்கி தோல் மேளம் மாதிரி விறைச்சிடும், ஏன்னா வெளுக்காத துணி இன்னும் ஒருவாட்டி கூட சுருங்காதது. அதுக்கு மேல டிஸ்டெம்பர் ஒரு கோட். அந்தக் காலத்து கடைக்கு ஒரு வெளிறின பச்சை இருக்கும் பாருங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரி பச்சைக்கும் ஸ்கூல் சுவர் நீலத்துக்கும் நடுவுல, அந்த கலர். இடுப்பு உயரம் வரைக்கும் அதே கலர்ல ஒரு ஷேட் டார்க். காய்ஞ்சதும் டீ டிகாக்‌ஷன ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி மேல இருந்து வழிய விட்டோம், மழைத்தண்ணி இறங்கின கறை அப்படியே வந்துச்சு. சுவிட்ச் போர்டு சுத்தி மட்டும் விரல்ல கொஞ்சம் எண்ணெயும் கரியும் தொட்டு தேய்ச்சேன், பத்து வருஷமா இருட்டுல கை தடவி சுவிட்ச் போட்டா எங்கெல்லாம் அழுக்கு படியும், அங்க மட்டும். ஷூட் அன்னைக்கு அந்த தம்பியோட அம்மா உள்ள வந்து முதல்ல கை வச்சது அந்த சுவிட்ச் போர்டு மேலதான்.

அடுத்து கேசட். போட்டோவுல பின்னாடி சுவர் முழுக்க கேசட், குறைஞ்சது 600 இருக்கும். நிஜ கேசட் எங்களுக்கு கிடைச்சது 45, அதுவும் ஃப்ரெண்ட்ஸ் வீட்டு பரண்ல இருந்து. வாடகைக்கு கேட்டா ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு சொல்றாங்க, கட்டுப்படியே ஆகாது. அதனால டம்மி பண்ணோம். கேசட்டை அடுக்கினா கேமராவுக்கு தெரியறது முதுகு மட்டும்தான், 4 இஞ்ச் நீளம், அரை இஞ்ச் அகலம், அவ்ளோதான். கவரோட சேர்த்து ஒரு கேசட் 17 மில்லிமீட்டர் தடிமன், அப்ப 3 அடி உயரத்துக்கு 53 கேசட் நிக்கும், அப்படி 12 வரிசை வச்சா 636 ஆச்சு, அகலம் பார்த்தா 4 அடியைத் தாண்டி கொஞ்சம்தான் வருது. ஆண்டர்சன் தெருவுல பேப்பர் வாங்கிட்டு வந்து வியாழன் ராத்திரி நான், என் அசிஸ்டென்ட், கீபோர்டு வாசிக்கிற பொண்ணு மூணு பேரும் உக்காந்து ஸ்கெட்ச் பேனாவுலயும் பால்பாய்ன்ட்லயும் 150 லேபிள் எழுதினோம். "சோகம் 3", "கல்யாண வீடு", "பக்தி - மார்கழி", "மிக்ஸ் - செல்வி அக்கா" இப்படி. மூணு பேர் கையெழுத்து வேணும், ஒரே கையெழுத்துல இருந்தா உடனே பொய்யின்னு தெரிஞ்சிடும். சினிமா பேரு, கம்பெனி லோகோ எதுவும் போடல, அப்புறம் வீடியோ ஏத்தும்போது காப்பிரைட் பஞ்சாயத்து வேண்டாம்னு. அதை ஸ்கேன் பண்ணி வரிசையை மாத்தி மாத்தி அடுக்கி 12க்கு 18 இஞ்ச் ஷீட்ல பிரின்ட் போட்டா மொத்தமே 8 ஷீட்தான் ஆச்சு.

தெர்மோகோலை 4 இஞ்ச் பட்டையா வெட்டி பிரின்ட்டை ஒட்டினா அது பிரின்ட் மாதிரியேதான் தெரியுது, தட்டையா உயிரே இல்லாம. ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவுல ஸ்கேலை வச்சு அழுத்தி ஒரு பள்ளம் போட்டோம், கொஞ்சம் பரவால்ல. அப்பதான் அசிஸ்டென்ட் தம்பி சொன்னான், "அண்ணே, நிஜ கேசட் பளபளங்குதுண்ணே, அதான் வித்தியாசம்". அவன் சொன்னது ரொம்ப சரி, மேல இருக்கிறது பிளாஸ்டிக் கவர் இல்லையா. ஸ்டேஷனரி கடையில விக்கிற ஓஎச்பி ஷீட், அதான் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் ஷீட், ஒரு பாக்கெட் வாங்கி வந்து பட்டையா வெட்டி மேல டபுள் டேப்ல ஒட்டினோம், 20 ஷீட் கூட தீரல, டியூப்லைட் போட்டதும் 600 கேசட் மேலயும் வெளிச்சம் கோடு கோடா ஓடுது. ரூம்ல இருந்த எல்லாரும் ஒரு நிமிஷம் பேசல. நிஜ 45ல பாதிய ஆர்ட்டிஸ்ட் கை படுற இடத்துல, கவுன்ட்டர் மேல வச்சோம், மீதிய டம்மிக்கு நடுவுல அங்கங்க தெர்மோகோலை குடைஞ்சு லேசா வெளிய நீட்டி சொருகினோம், கண்ணு அதைத்தான் பார்க்கும், மத்ததையும் நம்பிடும்.

பாரிஸ்ல மத்ததெல்லாம் வேகமா முடிஞ்சுது. தேவராஜ முதலி தெருவுல ஒரு சின்ன கண்ணாடியும் சாமி படமும், காசிச்செட்டி தெருவுல பிளாஸ்டிக் பூமாலை, பக்கத்து சந்துல ரெண்டு நீள கணக்கு நோட்டு. எல்லாத்தையும் மூட்டை கட்டி மீன்பாடி வண்டியில ஏத்தி ராயபுரம் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க, டாடா ஏஸ் கூப்பிட்டிருந்தா அந்த தெருவுக்குள்ள வந்து வெளிய போறதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாந்தேன். சாமி படத்துக்கு போட சீப்பா கிடைச்ச எல்இடி சீரியல் செட் ஒன்னு வாங்கினேன், கண்ணுக்கு நல்லா இருந்துச்சு. செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுக்கும்போது பிரச்சனை இல்ல, பல்லவிக்கு ஸ்லோ மோஷன்னு 50 ஃப்ரேம் போனதும் மானிட்டர்ல அது மட்டும் மங்கி மங்கி எரியுது. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த சீப் செட்டுங்க அதுல பாதி அலையிலதான் எரியும், கேமரா ஷட்டர் 50ல ஒரு பங்கு செகண்டுக்கு குறைஞ்சா கேமரா அதைப் புடிச்சிடும், 50 ஃப்ரேம்ல எங்க ஷட்டர் 100ல ஒரு பங்கு. இதே ரூம்ல இருந்த சோக் வச்ச டியூப்லைட் ஒன்னும் பண்ணல, ஏன்னா அது செகண்டுக்கு 100 தடவை துடிக்குது, ஷட்டரும் அதுக்கு சரியா பொருந்திடுச்சு. நல்லவேளை ரிச்சி தெருவுல வாங்கின 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒன்னு பையில இருந்துச்சு, பேட்டரியில போட்டு படத்துக்கு பின்னாடி ஒட்டினோம், டிம்மர் போடாம விட்டா ஃப்ளிக்கர் கிடையாது. சீரியல் செட்டை கடையிலயே போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து பார்த்துட்டு வாங்குங்க, அரை நிமிஷ வேலை.

வாடகைக்கு எடுத்தது டபுள் கேசட் டெக், ஆம்ப்ளிஃபயர், ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் மட்டும். இதெல்லாம் டம்மி பண்ண முடியாது, க்ளோசப்ல பட்டனை அழுத்தணும், மூடி திறக்கணும். எடுத்த கடை பேரை எழுதல. பொருள் நல்லாவே இருந்துச்சு, டெக் உண்மையிலேயே ஓடுச்சு. ஆனா வெள்ளி சாயந்தரம் எடுத்து ஞாயிறு காலைல திருப்பிக் குடுத்ததுக்கு மூணு நாள் வாடகை போட்டுட்டாங்க, ஸ்பீக்கர் ஓரத்துல முன்னாடியே இருந்த உடைசலுக்கு அட்வான்ஸ்ல 800 புடிச்சுட்டாங்க. அது எங்க சம்பளத்துல இருந்து போச்சு, என் அசிஸ்டென்ட்டோட ஒரு நாள் பேட்டா அது, இன்னும் மனசு ஆறல. வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி கடைக்காரர் நிக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்துடுங்க, நாள் கணக்கு எந்த மணியில இருந்து எந்த மணி வரைக்கும்னு பில்லுல எழுதி வாங்குங்க.

ரேட்டிங்னு கேட்டா, பாரிஸ் ஏரியாவுக்கு என்னோட மார்க் 5க்கு நாலரை. அரை மார்க் ஏன் குறைச்சேன்னா எடுத்ததை திருப்பிக் குடுக்க முடியாது, கூட்டத்துல நின்னு தரம் பார்த்து எடுக்க நேரம் கிடைக்காது, பெண்கள் தனியா போனா அந்த பக்கம் சுத்தமான பாத்ரூம் தேடி அலையணும். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான மொத்தக்கடை லீவு, பிளாட்ஃபாரக் கடைதான் இருக்கும், அதனால திங்கள் ஷூட்னா சனிக்கிழமையே முடிச்சிடுங்க. வாடகைக் கடைக்கு 5க்கு ரெண்டரை, அதுவும் அந்த டெக்குக்காக.

செலவு மொத்தம் 21,400 ஆச்சு. தெர்மோகோல் பட்டை பன்னெண்டும் இப்ப என் வீட்டு பரண்ல பேப்பர் சுத்தி இருக்கு, நிஜ கேசட்டெல்லாம் உரியவங்களுக்கு திருப்பிக் குடுத்தாச்சு. யாராவது கேசட் கடை, வீடியோ கடை மாதிரி செட் போடறீங்கன்னா கமென்ட்ல சொல்லுங்க, வந்து எடுத்துட்டுப் போங்க, வாடகை வேண்டாம். "மிக்ஸ் - செல்வி அக்கா"ன்னு எழுதின அந்த ஒரிஜினல் லேபிளை மட்டும் தர முடியாது, அதை பாட்டு எழுதின தம்பியோட அம்மா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க, அவங்க பேரு செல்வி.