ஐஎஸ்ஓவை கேமராவிடம் விடலாமா, நாமே வைக்கலாமா?

ஐஎஸ்ஓ என்பது கேமரா ஒளிக்கு எவ்வளவு உணர்திறன் காட்ட வேண்டும் என்ற எண். அதை கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓ கற்றுக்குட்டிகளுக்கானது என்று சொல்லும் போட்டோகிராபர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஷட்டர் வேகம் போதாமல் பறவையின் இறக்கை கலங்கிப்போனால் அந்தப் படம் போனதுதான். ஐஎஸ்ஓ ஏறி நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) வந்தால், ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) கையில் இருக்கும்வரை பெரும்பகுதியைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். எனவே ஒரு முடிவை கேமராவிடம் விடுவதென்றால் ஐஎஸ்ஓவைத்தான் விடுவேன். ஆனால் எந்த மோடில் விடுகிறோம் என்பது முக்கியம்.

பறவைகளுக்கு ஷட்டரையும் அபர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) நாமே வைக்கும் மேனுவல் மோடு, கூடவே ஆட்டோ ஐஎஸ்ஓ. வேடந்தாங்கலில் பறக்கும் நத்தைகுத்தி நாரை ஒன்றைப் பின்தொடர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/1600, அபர்ச்சர் எஃப்/5.6. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200 போதும். அது மர நிழலுக்குள் இறங்கியதும் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) வெளிச்சம் குறைந்தால் 1600 வேண்டும். கையால் மாற்றி முடிப்பதற்குள் நாரை கூட்டில் உட்கார்ந்துவிடும். ஆட்டோவில் ஷட்டரும் அபர்ச்சரும் நாம் வைத்த இடத்திலேயே நிற்க, ஐஎஸ்ஓ மட்டும் ஏறி இறங்கும்.

இதில் அவசியம் பழக வேண்டியது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டுவது அல்லது குறைப்பது. வெளுத்த வானத்தின் முன்னால் பறவை பறந்தால் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் வானத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை இறக்கிவிடும், பறவை கருத்துப்போகும். +1 வரை ஏற்ற வேண்டும். இருண்ட மரத்தின் முன்னால் சின்னதாகத் தெரியும் வெள்ளைக் கொக்குக்கு நேர் எதிராக இறக்க வேண்டும், இல்லையென்றால் இறகின் நுணுக்கமெல்லாம் வெளுத்துவிடும். பென்டாக்ஸ் 2006-இலேயே கே10டி கேமராவில் ஷட்டரையும் அபர்ச்சரையும் நாம் வைக்க ஐஎஸ்ஓ தானாக மாறுவதற்கென்றே டிஏவி என்ற தனி மோடு கொடுத்தது. கேனன் 5டி மார்க் III-இல் மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ உண்டு, காம்பன்சேஷன் கிடையாது. பழைய கேமரா வாங்குபவர்கள் இதைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கல்யாண மண்டபம், வீட்டு விசேஷம் என்றால் அபர்ச்சர் பிரையாரிட்டியோடு (அபர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரை கேமரா வைக்கும் மோடு) ஆட்டோ ஐஎஸ்ஓ வைப்பதே வசதி. வாசல் வெயிலுக்கும் உள்ளே மணமேடைக்கும் மாறி மாறி ஓடும்போது ஷட்டரும் தானாக மாறுவது நல்லதுதான். ஒரே நிபந்தனை, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்க வேண்டும். தானியங்கி அமைப்பு பெரும்பாலும் லென்ஸின் ஃபோக்கல் நீளத்தைப் பார்க்கும். 50 மிமீ லென்ஸுக்கு 1/50 பக்கம் போய் நிற்கும். நம் கை நடுக்கத்துக்கு அது போதும், ஓடுகிற குழந்தைக்குப் போதாது. 1/250 என்று நிறுத்துங்கள். ஃபியூஜி கேமராக்களில் இப்படி மூன்று அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த வசதி.

சரி, ஐஎஸ்ஓவைக் கையால் வைப்பது எங்கே ஜெயிக்கும்? சபா மேடையில். பரதநாட்டியக் கலைஞர்மேல் விளக்கு, பின்னால் கருந்திரை. அவர் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்ததும் ஃபிரேமில் கறுப்பு அதிகமாகும், ஆட்டோ ஐஎஸ்ஓ ஏறும், முகம் வெளுக்கும். உண்மையில் அவர்மேல் விழும் ஒளி மாறவே இல்லை. முகத்தை வைத்து ஒருமுறை அளந்து 1/320, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 என்பதுபோல ஒன்றைப் பூட்டிவிட்டால், விளக்கு மாறும்வரை கவலையில்லை. ஸ்டுடியோ பிளாஷ், பனோரமா, ட்ரைபாடில் எடுக்கும் நிலக்காட்சி, இவற்றுக்கும் கையால் வைப்பதுதான்.

ஆட்டோவின் உச்சவரம்பை எங்கே வைப்பது? சிறிய ஏபிஎஸ்-சி சென்ஸாரில் 6400, அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேமில் 12800 என்று தொடங்குவேன். அந்த வரம்பைத் தொட்டபின் இரண்டு மோடும் வேறுவேறாக நடந்துகொள்ளும். அபர்ச்சர் பிரையாரிட்டியில் கேமரா நீங்கள் வைத்த குறைந்தபட்ச வேகத்தையும் மீறி ஷட்டரை இறக்கும். படம் வெளிச்சமாக, ஆனால் கலங்கலாக வரும். மேனுவலில் ஷட்டர் அசையாது, படம் இருட்டாகும். எனவே மண்டபத்தில் விளக்கு குறைந்தால் முன்னதில் ஷட்டர் எண்ணைக் கவனியுங்கள், பின்னதில் மீட்டரை.