பழைய என்ஜினுக்குள் சால்வென்ட் ஊற்றிப் பார்த்த அனுபவம்

என் பெட்ரோல் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. சுமார் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கத் தொடங்கியதும், என்ஜினைப் பிரித்துவிடலாம் என்றார் மெக்கானிக். அதற்கு முன் பாட்டிலில் வரும் கிளீனர்களைப் பார்த்துவிடலாம் என்று இறங்கியவன், சில வருடங்களில் மூன்று வழியிலும் ஊற்றிப் பார்த்துவிட்டேன்: பெட்ரோல் டேங்கில், என்ஜின் ஆயிலில், நேராக சிலிண்டருக்குள். மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு. "என்ஜின் கிளீனர்" என்று ஒரே பெயரில் விற்பதால்தான் பாதிக் குழப்பம்.

டேங்கில் ஊற்றுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாட்டிலில் பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சூட்டைத் தாங்கி, இன்ஜெக்டர் முனையிலும் எரியறையிலும் படிந்த கார்பனைக் கரைக்கும் சரக்கு அதுதான். வெறும் நாப்தாவும் மண்ணெண்ணெய் வகையும் மட்டும் என்றால் பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதற்குச் சமம். ஃபுல் டேங்கில் கலந்து நெடுஞ்சாலையில் ஓட்டியதும், சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் தெரிந்த நடுக்கம் அடங்கியது. ஆயில் குடிப்பது துளியும் குறையவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளில் ஆயிலை வழிக்கும் கீழ் ரிங்கைச் சுத்தம் செய்யும் அளவுக்குப் பெட்ரோல் அங்கே போவதில்லையே. கிளீனரில் கொஞ்சம் ரிங் வழியாகக் கசிந்து ஆயிலில் சேரும் என்பதால், ஆயில் மாற்றப்போகும் முன் கடைசி டேங்கில் ஊற்றுவதுதான் என் வழக்கம். பெட்ரோலை நேராக எரியறைக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் அது இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. அங்கே வால்வில் படிந்த கார்பனுக்கு டேங்கில் எதை ஊற்றியும் புண்ணியமில்லை.

இன்டேக் குழாய் வழியாக உறிஞ்சவிட்டு, தெருவையே வெள்ளைப் புகையாக்கும் வித்தையும் ஒன்று உண்டு. பார்ப்பவர்கள் "எவ்வளவு கார்பன் வெளியே போகுது பாரு" என்பார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி ஊற்றிய திரவமே எரிந்தும் ஆவியாகியும் வருவது. புத்தம் புது என்ஜினில் ஊற்றினாலும் அதே புகைதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்தது ஆயிலில் கலக்கும் ஃப்ளஷ். பழைய ஆயிலில் ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடிப்பது. அதில் இருக்கும் சால்வென்ட், அதாவது கரைப்பான், ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். பேரிங்கைக் காப்பாற்றும் படலமும் மெலியும். அதனால் அந்தப் பத்து நிமிடமும் ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது, வண்டியை நகர்த்தக் கூடாது. வடித்த ஆயில் கறுப்பாக வந்தது. வராமல் என்ன செய்யும், பழைய ஆயில் கறுப்பாகத்தானே இருக்கும்? ஃபில்டரை வெட்டிக் காகிதத்தை விரித்துப் பார்த்தேன். வழக்கமான அழுக்கு, அவ்வளவுதான். பல வருடம் வெந்து இறுகியது பத்து நிமிடத்தில் கரையும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஃப்ளஷ் ஊற்றுவதற்கு முன் என்ஜினின் மேல் மூடியான டாப்பெட் கவரைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள். பழுப்பு நிற வார்னிஷ் மட்டும் பூசியிருந்தால் பயமில்லை. என் என்ஜின் அப்படித்தான் இருந்தது. தார் மாதிரி ஸ்லட்ஜ் திரண்டிருந்தால் ஃப்ளஷ் பக்கமே போக வேண்டாம். அது கரைவதற்குப் பதில் கட்டியாகப் பெயர்ந்து, சேம்பருக்குள் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால் பம்ப்புக்கு ஆயில் ஏறாது. ஆயில் பிரஷர் விளக்கு எரியும்போது உள்ளே சேதம் ஆரம்பமாகியிருக்கும். அந்த நிலையில் சேம்பரைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதே வழி.

பலன் கொடுத்தது மூன்றாவதுதான்: பிஸ்டன் ஊறல். கீழே இருக்கும் ஆயில் ரிங் இரண்டு மெல்லிய தகடும் நடுவில் ஒரு விரிப்பானும் கொண்டது. போரிலிருந்து (சிலிண்டரின் உட்சுவர்) வழித்த ஆயில், ரிங் பள்ளத்தில் இருக்கும் சிறு துளைகள் வழியாகச் சேம்பருக்குத் திரும்ப வேண்டும். துளை கார்பனால் அடைபட்டு, ரிங்கும் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டால் ஆயில் மேலேறி எரிந்துபோகும். மைலேஜுக்காக ரிங்கின் அழுத்தத்தைக் குறைத்த என்ஜின்களில் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு பிஸ்டனும் ஏறக்குறைய நடு உயரத்தில் நிற்கும்படி கிராங்கைத் திருப்பி வைத்தேன். ஊற்றியது அசிட்டோனும் டொலுவீனும் கலந்த கிளீனர், சிலிண்டருக்கு 40 மில்லி அளவில். மறுநாள் காலை ஒல்லியான குச்சியில் பஞ்சு சுற்றி விட்டுப் பார்த்தால், மூன்று சிலிண்டர் காலி. எந்த சிலிண்டரின் பிளக் எண்ணெய்ப் பிசுக்காக வந்ததோ, அதில் மட்டும் ஊற்றிய மட்டம் அப்படியே நின்றது. வடிகிற துளை எங்கே அடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசைத்து, மறுபடி ஊற்றி ஊறவிட்டதும் அதிலும் மட்டம் இறங்கத் தொடங்கியது.

இதில் அவசரப்பட்டால் என்ஜினே போய்விடும். திரவம் அமுங்காது, உள்ளே மிச்சமிருக்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிரிஞ்சில் குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்த பிறகு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, பிளக் துளைகள் மேல் துணி போட்டு ஸ்டார்டரைச் சுற்றவிட வேண்டும். சால்வென்ட் போரில் இருந்த ஆயிலையும் கழுவிவிடும் என்பதால், அதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டேன். சேம்பருக்கு இறங்கிய கிளீனரோடு பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரும் மாற்றிய பிறகே ஸ்டார்ட். இந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்; வெட்டவெளி, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். பெயின்ட்டில் தெறித்தால் பெயின்ட் போச்சு.

பலன் ஒரே நாளில் தெரியவில்லை. அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களைச் சீக்கிரம், 5,000 கிலோமீட்டருக்குள் செய்தேன். எஸ்டர் கலந்த, கரைக்கும் குணமுள்ள ஆயிலுக்கும் மாறினேன். அப்போது வெட்டிய ஃபில்டரில்தான் மடிப்புக்கு மடிப்பு பொடி மணல் போலக் கறுப்புத் துகள்கள். விரலில் தேய்த்தால் நறநறவென்றன. ஃப்ளஷ் காட்டாததை நிதானம் காட்டியது. இப்போது 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் அளவில் டாப்-அப் செய்கிறேன். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை சகஜம் என்று சில கம்பெனிகளே மேனுவலில் எழுதுவதால், இதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாறாததும் உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் ஒரு கொத்து நீலப் புகை அப்படியேதான் இருக்கிறது. அது ராத்திரி முழுக்க வால்வ் சீல் வழியாகச் சொட்டிய ஆயில். ரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சால்வென்ட் இறுகிப்போன ரப்பரை இளக்கிக் கொடுக்கவும் செய்யாது. புதிதாக வந்த செலவு, முன்பக்க கிராங்க் ஆயில் சீல். சுத்தம் செய்த சில மாதத்தில் கசியத் தொடங்கியது. காய்ந்த சீலை அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது அந்த அழுக்குதான் என்பது என் ஊகம். பழைய வண்டியில் இந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் கிளீனர் அடித்துக் குலுக்கிப் பாருங்கள்; கடகடவென்று சத்தம் வராவிட்டால் மாற்றிவிடுங்கள். அது அடைத்திருந்தால் ஆயில் இன்டேக் பக்கம் போய் எரியும், ஸ்லட்ஜும் மறுபடி சேரும். அதற்கும் மேல் ஆயில் குடித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், பிறகு சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இன்னொரு முறை. இரண்டாவது முறை அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ பிரச்சினை. ஊறவைத்துப் பார்க்க அர்த்தமுண்டு. ஏறாமல் குறைவாகவே நின்றால் வால்வ் பக்கம் கோளாறு. பாட்டில் வாங்காமல் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.